கேவலம் ஒரு மதில்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சாயாக்கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். கடை தமிழ்நாட்டில், கடைக்குள் இருக்கிற டிவி மட்டும் எப்போதும் மலையாளம். கேரளத் தேர்தலைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 140 இடம், 71 கிடைத்தால் 'கேவல பூரிபக்ஷம்' ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னார். தனிப்பெரும்பான்மைக்கு அங்கே அதுதான் சொல். எனக்குப் பக்கத்தில் பழம்பொரி தின்றுகொண்டிருந்த பையன் மதுரைப் பக்கம், திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிற யாரையோ பார்க்கப் போகிறவன். டிவியைப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து கேட்டான். "அண்ணே, கேவலமா ஜெயிக்கிறதப் பத்தியா பேசுறாங்க?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லை யாராவது மலையாளத்தில் உச்சரித்தால் இன்னமும் எனக்கு உள்ளே ஒரு இடத்தில் சுருக்கென்கிறது. அது 1997 மே மாதத்துக் கதை.

எங்கள் அப்பா கொத்தனார். எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் பெரும்பாலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். காலையில் களியக்காவிளையில் பஸ் ஏறி, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று எங்கே வேலை இருக்கிறதோ அங்கே இறங்கி, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார். 1956 நவம்பர் 1-ல் எங்கள் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டார்களே தவிர கூலி வேலைக்கு அந்தக் கோடு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. பிளஸ் டூ முடித்த அந்த விடுமுறையில் நான் அவருக்குக் கையாளாகப் போனேன். நெய்யாற்றின்கரையில் ஒரு வீடு, ரிட்டயர் ஆன பள்ளிக்கூட ஆசிரியருடையது. எல்லாரும் அவரை ஸாறு என்பார்கள். வீட்டு வேலை முடிந்து, சுற்று மதில் மட்டும் பாக்கி.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கரண்டியின் பின்பக்கத்தால் மேல்வரிசைச் செங்கல்லைத் தட்டினார். ஒரு வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. ஈரம் காயாத சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. காலையில் சாந்து சுமந்து கொடுத்தது நான், கல் எடுத்துக் கொடுத்தது நான், அதனால் எனக்கு வயிற்றெரிச்சல். "எதுக்குப்பா?" என்றேன். "விரக்கடை சாஞ்சிருக்கு மக்களே" என்றார். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் காட்டிய பிறகும் தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஸாறு வெளியே வந்தார். கோபமாக வரவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கையில் பேப்பர், மூக்கில் கண்ணாடி. கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்தினா மேஸ்திரி பொளிக்குந்நது? இது கேவலம் ஒரு மதிலல்லே?" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது 'கேவலம்' ஒன்றுதான். வெயிலில் என் அப்பா மூன்று நாள் நின்று கட்டிய மதிலைக் கேவலமாக இருக்கிறது என்கிறார், அதுவும் என் முன்னாலேயே. சாந்துச் சட்டியைப் போட்டுவிட்டு, "என்னது கேவலம்? எது கேவலம்?" என்று முன்னே போனேன். ஸாறுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "லே, சும்மா நில்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு நாலாவது வரியைத் தட்டிப் பார்த்தார். அது சரியாக இருந்தது. நூல் கட்டி, மறுபடியும் முதலிலிருந்து வைத்தார். அன்றைக்கு அவர் வேறெதுவும் பேசவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கும்போது பொளித்த அரை நாளுக்கான பணத்தை எண்ணிப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தார். ஸாறு வேண்டாம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். அப்பா திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் நான்தான் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன், அம்மா மாமாவிடம் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. "கொத்தனாரப் புள்ளைக்க முன்னால வச்சிக் கேவலப்படுத்திட்டான்." அம்மா அழுதாள். அப்பா எதையும் மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த வேலைக்கும் அவர் போகவில்லை. கூப்பிட்டு ஆள் வந்தபோதுகூட வேறு கொத்தனாரைக் காட்டிவிட்டார்.

ஒரு சொல்லின் இரண்டு கரை

அப்புறம் நான் டிப்ளமா படிக்கப் போனேன். ஹாஸ்டலில் என் அறையில் கொட்டாரக்கரைக்காரன் ஒருவன். ஒருநாள் அவன் யாரிடமோ போனில், "கேவலம் இருபது ரூபய்க்கு" என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். வைத்ததும் கேட்டேன், உங்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம் என்று. "வெறும்" என்றான். அவ்வளவுதானா? "அவ்வளவுதான். சும்மா, மட்டும், வெறும்."

அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது. இத்தனை நாள் ஒரு மனுஷரை மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேனே, அவர் சொன்னது 'இது வெறும் மதில்தானே, எதற்கு இவ்வளவு சிரமம்' என்றுதானே! பரிவாகச் சொல்லியிருக்கிறார். காது கேட்ட பிழைக்கு நான் குடும்பத்தையே அழவைத்திருக்கிறேன். எல்லைப்புறத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கே இந்தப் பிழை வருமா என்றால், வரும். எனக்குக் கடைத்தெரு மலையாளம் நன்றாகத் தெரியும். அது பள்ளிக்கூட ஸாறின் மலையாளம்.

யோசித்துப் பார்த்தால் தமிழிலும் அந்த அர்த்தம் செத்துப்போகவில்லை. 'கேவலம் பத்து ரூபாய்க்காக இப்படிச் செய்தானே' என்கிறோம். பெயருக்கு முன்னால் நின்றால் அது 'வெறும்'. பின்னால் வந்தால் இழிவு. 'கேவலம் ஒரு மதில்' என்பதற்கும் 'மதில் கேவலமாக இருக்கிறது' என்பதற்கும் நடுவில் சொல் நின்ற இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. தெலுங்கிலும் 'மட்டும்' என்றுதான் அர்த்தம், இந்தியிலும் அப்படியே. நாம்தான் அதை வசவுக்கும் அழுகைக்கும் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். இப்போது இன்னும் தேய்ந்துபோய், சாம்பாரில் உப்புக் குறைந்தாலே பிள்ளைகள் கேவலமா இருக்கு என்கிறார்கள்.

மூலத்தில் அந்த வடசொல்லுக்குத் தனி, ஒன்றே ஒன்று, கலப்பில்லாதது என்றெல்லாம் பொருள். சமணர்களுக்கு இது இருப்பதிலேயே உயர்ந்த சொல். வினையெல்லாம் கழிந்து, எதுவும் ஒட்டாமல் தனித்து நிற்கிற முழு அறிவு அவர்களுக்குக் கேவல ஞானம், அதை அடைந்தவர் கேவலி. கைவல்யம் என்ற சொல்லும் இதிலிருந்து பிறந்ததுதான். சைவ சித்தாந்தத்துக்கு வந்தால் அதே சொல் அடிமட்டத்தில் கிடக்கிறது. கேவலம், சகலம், சுத்தம் என்று உயிருக்கு மூன்று நிலை சொல்வார்கள். கேவலம் என்பது உடம்பு கிடைக்கும் முன்னால், ஆணவ இருளில் எதுவும் அறியாமல் உயிர் தனியாகக் கிடக்கிற நிலை. இரண்டிலும் தனிமைதான். ஒருவருக்கு அது விடுதலை, இன்னொருவருக்கு அது இருட்டு. இதையெல்லாம் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம், ஆனால் ஒரு துண்டு மட்டும் பொருந்தாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. தனி என்பதும் மட்டும் என்பதும் எப்படி இழிவாகும்? 'வெறும்' என்று சொன்னால் எங்கே அடிபடுகிறது?

சிதறால்

அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு ரொம்ப வருஷம் ஆனது. அவருக்கும் எனக்கும் நடுவில் அந்த மதிலைப் பற்றிய பேச்சே கிடையாது. அவர் வேலையை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிதறால் மலைக்குப் போனோம். அவர்தான் கேட்டார், சின்ன வயதில் ஒரு தடவை போனது, மறுபடி பார்க்கணும் என்று. கல் பாவிய பாதையில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார். நிழல் வந்த ஒரு இடத்தில் உட்கார்ந்தோம். அப்போது சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஸாறு உங்களைக் கேவலமாகப் பேசவில்லை, மலையாளத்தில் அதற்கு வெறும் என்று அர்த்தம், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டு வீட்டில் வந்து சொல்லிவிட்டேன், அம்மாவை அழவைத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "எனக்கு மலையாளம் தெரியாதா மக்களே? முப்பது வருசம் அங்கதான சாந்து கொழச்சேன். ஸாறு வெறும் மதிலுன்னுதான் சொன்னாரு. அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்ப்பா..."

"அதுதான் வெசனமாப் போச்சு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "வெசவு சொல்லியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன். வெறும் மதிலுன்னா, மூணு நாளா நான் அங்க என்னத்தச் செஞ்சேன்?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவுக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அகராதியில் நான் வருஷக்கணக்காகத் தேடியதை அவர் மதில் பக்கத்தில் நின்று அன்றைக்கே கேட்டிருக்கிறார். மலையாளக் கேவலமும் தமிழ்க் கேவலமும் வேறு வேறு என்று நான் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு அவை இரண்டும் ஒன்றுதான். ஒரு மனுஷனின் கைவேலையை 'வெறும்' என்று சொன்னால் அந்த மனுஷனும் அதற்குள் சுருங்கிவிடுகிறான். நூல் பிடித்த கண், விரக்கடை சாய்வு தாங்காத மனசு, வெயில், மூட்டு வலி எல்லாம் கழிந்து, மிச்சம் ஒன்றே ஒன்று நிற்கிறது. கூலிக்கு வந்த ஆள். கேவலப்படுத்துவது என்று நாம் சொல்கிற காரியத்தில் நடப்பது இந்தக் கழித்தல்தானே. திட்டுவது அதில் ஒரு வகை மட்டும். பல நேரம் அது சிரித்த முகத்தோடு, பரிவோடுகூட நடக்கிறது, செய்கிறவருக்கே தெரியாமல்.

மேலே போனதும் ஒரு பாறை இடுக்கு வழியாக நுழைய வேண்டும். உள்ளே பாறைச்சுவர் முழுக்க வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். 9-ம் நூற்றாண்டில் இங்கே சமணர்கள் இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. ஆய் மன்னர் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் ஆசிரியை இங்குள்ள தெய்வத்துக்குப் பொன் கொடுத்ததாக ஒன்று சொல்கிறது. பிற்காலத்தில் இது பகவதி கோயிலாக ஆனது. பாம்புப் படத்தின் கீழே பார்சுவநாதர் நிற்கிறார், உடம்பில் ஒரு இழை துணி கிடையாது. வெட்கமும் இல்லை, வெட்கமில்லாத்தனமும் இல்லை. அவர்தான் கேவலி. அப்பா சிலையின் முகத்தை ரொம்பப் பார்க்கவில்லை. விளிம்பில் உளி இறங்கின கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். "ஒரு இடத்திலயும் கை தவறல பாரு" என்றார். தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பாறையையும் அண்ணாந்து பார்த்தார், மழை உள்ளே இறங்காதபடி இடம் பார்த்திருக்கிறான் என்றார்.

நான் பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். தென்னையும் ரப்பரும் வாழையுமாகப் பச்சை. அந்தப் பச்சைக்குள் இருக்கிற ஊர்களில்தான் எங்கள் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் தோளில் சீலை போடக்கூடாது என்று அடிபட்டார்கள். சாதி சொல்லி, சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். பல பத்தாண்டு சண்டைக்குப் பிறகு 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா உத்தரவு போட்டார், மாரை மூடிக்கொள்ளலாம் என்று. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு நிபந்தனை. மானப் போராட்டம் என்று அதைப் பேசுகிறோம், சரிதான். ஆனால் துணியில்லாத உடம்பு அதனாலேயே மானம்கெட்ட உடம்பு ஆகிவிடாது, மேலே பாறையில் நிற்கிறவரைப் பார்த்தால் தெரியும். தானாகக் களைந்தவருக்கு அது துறவு. கீழே நடந்தது வேறு. ஒரு பெண் அம்மாவாக, பனைவெல்லம் காய்ச்சுகிறவளாக, பாட்டுக்காரியாக, வாயாடியாக எத்தனையோவாக இருந்தும், நீ இன்ன சாதி மட்டும் என்று அவள் உடம்பின்மேலேயே எழுதிக் காட்டினார்கள். அந்த 'மட்டும்'தான் கேவலம்.

நானும் சொன்னேன்

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகாவது நான் ஒழுங்காக இருந்தேனா என்றால், இல்லை. இப்போது எனக்குக் கட்டட மேற்பார்வை வேலை. போன வருஷம் ஒரு சைட்டில் கான்கிரீட் போட்டு நாலாம் நாள், நனைக்கிற அக்கா வரத் தாமதமானது. வந்ததும் சம்பளத்தில் ஏதோ பாக்கி கேட்டார். எனக்கு வேறு எரிச்சல்கள். "வெறும் தண்ணி ஊத்துற வேலைதானேக்கா, இதுக்கு என்ன இவ்வளவு பேச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. குழாயைக் கையில் எடுத்து, தளத்தின் ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, விளிம்பு காயாமல், தண்ணீர் தேங்கி நிற்கும்படி பாத்தி கட்டி, எப்போதும் செய்வதைப் போலவே செய்தார். குறைந்தது 7 நாள் நனைக்காமல் கான்கிரீட்டுக்குச் சரியான பலம் ஏறாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்த 7 நாளும் அவர் கையில்தான் இருக்கிறது.

அவர் திரும்பி நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு அப்பா நூலைச் சுருட்டி இடுப்பில் செருகியது ஞாபகம் வந்தது. போய் மன்னிப்புக் கேட்டேன். "என்னத்துக்கு ஸார், நீங்க ஒண்ணும் தப்பாப் பேசலியே" என்றார். ஸாறும் தப்பாக ஒன்றும் பேசவில்லை.

தமிழில் இதற்கு எத்தனையோ சொல் இருக்கிறது. வெட்கம் என்பது நான் படுவது, அவமானம் என்பது எனக்கு ஒருவர் செய்வது, மானக்கேடு என்றால் ஊர் பார்க்க நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் தெரிகிறது. கேவலத்துக்கு மட்டும் எனக்கு இடம் பிடிபடவே இல்லை, அப்பா சொல்லும் வரைக்கும். அந்தச் சொல் இழிவாக மாறியது கெட்ட மாற்றம் என்று முன்பு நினைத்தேன், மூலத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று வருத்தமாக இருந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. 'வெறும்' என்று யாரோ சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே நின்றவர்கள்தான் அதன் அர்த்தத்தை மாற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னவர்கள் வாயில் அது 'மட்டும்' ஆகவே இருந்திருக்கும். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அது வேறாகியிருக்கும், நான் போய் அம்மாவிடம் சொன்ன மாதிரி. இது என் ஊகம்தான், ஆனால் நம்புகிறேன்.

சாயாக்கடையில் அந்தப் பையனிடம் இவ்வளவையும் சொல்ல நேரம் இல்லை. "மலையாளத்துல கேவலம்னா மட்டும்னு அர்த்தம் தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவன் பழம்பொரியின் எண்ணெயைப் பேப்பரில் துடைத்தபடி, "அப்ப நம்ம ஏண்ணே அதத் திட்டுறதுக்கு வச்சிருக்கோம்?" என்று கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதற்குள் திருவனந்தபுரம் பஸ் வந்துவிட்டது, அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.